பெயர் இல்லாத பொட்டலம்

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம். ஊரே பித்தளை விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. என் கையில் தங்கை எழுதிக் கொடுத்த சீட்டு: வெங்காரம் ஐம்பது கிராம், சலவை சோடா கால் கிலோ, ஆப்ப சோடா கொஞ்சம்.

எனக்கு முன்னால் ஒரு இளம்பெண். தோளில் இரண்டு மாசம் இருக்கும் ஒரு குழந்தை. "அண்ணா, கொழந்தைக்கு நாக்குல வெள்ளையா அக்கரம் படிஞ்சிருக்கு. வெங்காரம் குடுங்க. பொரிச்சு, தேன்ல கொழைச்சுத் தடவணும்னு எங்க மாமியார் சொன்னாங்க."

கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தார், நிறுத்தார், பேப்பரில் மடித்தார், கொடுத்தார். அடுத்து என் முறை. அதே டப்பா, அதே பேப்பர். அந்தப் பெண்ணுக்கு அது மருந்து. என் தங்கைக்குத் துணி துவைக்கும் பொடி.

வீட்டுக்குப் போய் மூன்று பொட்டலத்தையும் மேஜையில் பிரித்து வைத்தேன். மூன்றும் வெள்ளை. மூன்றும் பொடி. எது எது என்று கேட்டேன். தங்கை அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்: "தொட்டு நாக்குல வெச்சுப் பாருண்ணா, தெரிஞ்சிடும்."

இந்த வாரம் எனக்கு இருக்கும் கோபம் முழுக்க அந்த ஒரு வரி மேல்தான். அவள் மேல் இல்லை.

முதலில் வெங்காரத்துக்கு நியாயம் செய்துவிடுவோம். ஆங்கிலத்தில் போராக்ஸ். பூமியிலிருந்து கிடைக்கும் ஒரு உப்பு. லடாக்கில் புகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் படிகிறது. திபெத்து ஏரிக்கரைகளிலிருந்து ஆட்டு முதுகில் மூட்டை கட்டி இமயமலையைத் தாண்டி நம் நாட்டுச் சந்தைக்கு வந்த சரக்கு இது. அமெரிக்காவில் 1883 முதல் 1889 வரை கோவேறு கழுதைகளைப் பூட்டிய பெரிய வண்டிகளில், பாலைவனம் வழியாக சுமார் 265 கிலோமீட்டர் இழுத்துப் போய் ரயிலேற்றினார்கள். இன்றைக்கும் அந்த ஊர் சலவைப் பொடி டப்பாவில் அந்தக் கழுதைகள் படம் இருக்கிறது.

நம் ஊர் நகை ஆசாரியைக் கேளுங்கள். வெங்காரம் இல்லாமல் பற்றவைப்பே இல்லை என்பார். சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி பரவி, உலோகத்தின் மேல் படியும் துருவைக் கரைத்துவிடும். அப்போதுதான் ஒட்டு பிடிக்கும். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை நாற்றம் போக இது உதவும். சர்க்கரையோடு கலந்து மூலையில் வைத்தால் எறும்பும் கரப்பானும் சாகும். பசையில் கலந்தால் பிள்ளைகள் இழுத்து விளையாடும் 'ஸ்லைம்' ரெடி. ஆக, உழைக்கிற பொருள். சந்தேகமே இல்லை.

ஆனால் நம் வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது போதவில்லை. பித்தளைக்கு வெங்காரம், குழாயில் படிந்த உப்புக்கு வெங்காரம், எல்லாவற்றுக்கும் வெங்காரம். கூடவே எலுமிச்சம்பழமும் பிழியச் சொல்கிறார்கள். நான் படித்தது பி.காம். ரசாயனம் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. எனக்கே தெரிகிறது: வெங்காரம் காரம், எலுமிச்சை அமிலம். இரண்டையும் கலந்தால் ஒன்றின் பலத்தை இன்னொன்று தின்றுவிடும். வரவில் வைத்ததைச் செலவில் எழுதின மாதிரி. பித்தளைக் கறுப்புக்கும் குழாய்க் கறைக்கும் வேண்டியது புளிப்பு. உங்கள் பாட்டி புளி போட்டுத் தேய்த்தாரே, அதுதான் சரி. போர்வெல் தண்ணியில் சோப்பு நுரைக்கவில்லையா? சலவை சோடா போடுங்கள், அது தண்ணியில் உள்ள சுண்ணாம்பைக் கீழே தள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எல்லாம் ஒரே வெள்ளைப் பொடி இல்லை.

சரி, குறிப்பு தப்பாகப் போனால் விளக்கு கொஞ்சம் மங்கும். அவ்வளவுதானே? இல்லை. குறிப்போடு சேர்த்து ஒரு வார்த்தையையும் விற்கிறார்கள். 'கெமிக்கல் இல்லாதது, இயற்கையானது.' கிரிவலம் வருகிற பதினான்கு கிலோமீட்டரில் இந்தப் பலகையை எத்தனை இடத்தில் பார்க்கிறீர்கள், அடுத்த பௌர்ணமிக்கு எண்ணிக்கொண்டே நடங்கள். ஐயா, ஊமத்தங்காயும் இயற்கைதான். அரளி விதையும் இயற்கைதான். வெங்காரம் மண்ணிலிருந்து வந்தது என்பது அதன் பிறப்பைப் பற்றிய செய்தி. அதன் குணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எறும்பைக் கொல்கிற பொடியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது ஒண்ணும் பண்ணாதுங்க' என்று சொல்ல நமக்கு எப்படி மனசு வருகிறது?

உடனே ஒரு பதில் வரும். "பொரிச்சுட்டா சுத்தியாயிடும் சார்." பொரித்தால் என்ன ஆகிறது தெரியுமா? வெங்காரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது, கட்டி பொரி மாதிரி உப்புகிறது. கெடுதல் செய்யும் சரக்கு அப்படியே இருக்கிறது. தண்ணீர் போனதால் கிராமுக்கு கிராம் கணக்குப் பார்த்தால் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முறையாகப் படித்த சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, நாள் கணக்குப் பார்த்து மருந்து கொடுப்பது வேறு. மாமியார் சொன்னார் என்று மருமகள் விரல் நுனியால் அளந்து தடவுவது வேறு.

இது நம் ஊர் மாமியார்கள் கண்டுபிடித்ததும் இல்லை. வெள்ளைக்காரர்களும் தேனில் வெங்காரம் கலந்து, குழந்தை சப்பும் ரப்பரில் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். 1983ல் ஒரு மருத்துவ இதழில் ஏழு கைக்குழந்தைகளின் கதை வெளியானது. ஏழுக்கும் வலிப்பு. காரணம் தேடிப் போனால் அந்தத் தேன் கலவை. அதை நிறுத்தியதும் வலிப்பு நின்றது. அங்கே நிறுத்திவிட்டார்கள். நாம் இன்னும் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் நாக்கில் படியும் அக்கரத்துக்கு டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்து ஒன்றும் ஆனை விலை குதிரை விலை இல்லை. ஒரு வயசுக்குள் குழந்தைக்குத் தேனே கொடுக்காதீர்கள் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். இங்கே இரண்டும் சேர்ந்து வாய்க்குள் போகிறது.

இன்னும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். "எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் சமையல் உப்பும் வெங்காரமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விஷம்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அது ஒரே வேளையில் எவ்வளவு கொடுத்தால் எலி சாகும் என்ற கணக்கு. நம் கவலை ஒரே வேளையில் சாவது பற்றியா? தினம் ஒரு சிட்டிகை, பல நாள், நாலு கிலோ எடை உள்ள ஒரு உடம்பு. அந்தக் கணக்கு வேறு. வணிகவியலில் இதற்குப் பேர் சில்லறைச் செலவு. கம்பெனியைக் கவிழ்ப்பது பல நேரம் அதுதான்.

விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் இது ஆண்களின் விந்து உற்பத்தியையும் கருவின் வளர்ச்சியையும் கெடுத்ததைப் பார்த்துத்தான், ஐரோப்பிய ஒன்றியம் 2010ல் இதை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் வைத்தது. இன்றைக்கு இங்கிலாந்தில் சாதாரணக் கடையில் கேட்டால் வெங்காரம் கிடைக்காது. 'வெங்காரத்துக்கு மாற்று' என்று எழுதிய வேறு உப்பைத்தான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இன்னும் விற்கிறார்கள். ஆனால் டப்பாவில் பெயர் இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1902ல் வாஷிங்டனில் ஹார்வி வைலி என்ற அரசாங்க ரசாயன அதிகாரி, பன்னிரண்டு இளைஞர்களை உட்காரவைத்து மூணு வேளையும் நல்ல சாப்பாடு போட்டார். கூடவே வெங்காரம். அந்தக் காலத்தில் கறி கெடாமல் இருக்க வியாபாரிகள் கலந்த பொருள் அது. பசி போனது, தலைவலி வந்தது, வயிற்றுவலி வந்தது. 'விஷப் படை' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1906ல் அந்த நாட்டில் உணவு மருந்துச் சட்டம் வந்ததற்கு அந்தப் பன்னிரண்டு பேர் வயிறும் ஒரு காரணம். நம் நாட்டிலும் உணவில் கலக்க வெங்காரத்துக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆப்ப சோடா டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவில் அதை வைத்து, அதே கரண்டியால் அள்ளி, அதே பேப்பரில் மடித்துக் கொடுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏன் கேட்க மாட்டார்கள்? முன்கூட்டியே பாக்கெட் போட்டு விற்றால், மேலே பெயர், எடை, விலை, தயாரித்தவர் விலாசம் எல்லாம் போட வேண்டும். 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள் அப்படி. கண்ணெதிரே நிறுத்து மடித்தால் அந்த விதி எட்டாது. பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்தில் பத்து வரி படிக்கிறோம். எறும்பு மருந்துக்கு ஒரு எழுத்துகூட இல்லை.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? நம் வீட்டைப் பாருங்கள். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சலவை சோடா. ஊறுகாய் ஜாடியில் வெங்காரம். கேரம் போர்டில் தூவும் பவுடர்களில் பலவும் போரிக் ஆசிட், இதற்குத் தம்பி முறை. பிள்ளைகள் அதைத் தூவி ஆடிவிட்டு அதே கையால் முறுக்கு எடுக்கிறார்கள். லீவு நாளில் ஸ்லைம் பிசைந்துவிட்டு விரலை வாயில் வைக்கிறார்கள். யாரும் உள்நோக்கத்தோடு செய்யவில்லை. வெள்ளையாக இருப்பதால், பழகிவிட்டதால், பாட்டி காலத்துப் பெயர் இருப்பதால்.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. நாட்டு மருந்துக் கடைகளில் மடிக்கிற பொட்டலத்தின் மேல் பொருளின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் போகக்கூடாத சரக்குக்கு ஒரு சிவப்புக் கோடு. வேறு அலமாரி, வேறு கரண்டி. நகராட்சியும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் நினைத்தால் ஒரே வாரத்தில் நடக்கும். அதுவரை நீங்கள் பேனாவோடு போங்கள். எழுதிக் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். வீட்டில் தனி பாட்டில், மேல் தட்டு, பெரிய எழுத்து. பிள்ளைகள் விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். கைக்குழந்தையின் வாய்க்குள் எந்த வெள்ளைப் பொடியும் வேண்டாம். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து சாமி அலமாரியில் ஒட்டிவிடுங்கள். பழி என் மேல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்தப் பெண் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகரும்போது எனக்கு ஏதோ உறுத்தியது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும், "ஒரு டாக்டரைக் கேட்டுக்கங்கம்மா" என்று சொல்ல என்ன படிப்பு வேண்டும்? ஊர் பெயர் தெரியாத பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டு என் சீட்டை நீட்டினேன். அவள் தேரடிக் கூட்டத்தில் கலந்து போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் அந்த வரிசையில் நிற்கும்போது பேசிவிடுங்கள்.