பட்டணத்தில் ஒரு ஜாகை



கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி விட்டதாம். ஆபீஸ் எழும்பூரில். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் இரண்டு. முழங்கால் வலியோடு மாமியார் ஒருவர். "வாடகைக்கென்று 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க முடியாது. எழும்பூருக்குப் பக்கத்தில் 20,000 கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி 12,000 ரூபாய்க்குப் புது வீடு இருக்கிறதாம். இவர் பார்த்து விட்டு வந்து, 'பேசாமல் அதையே முடித்து விடலாம்' என்கிறார். கையில் இருப்பது கொஞ்சம் பணமும் என் வளையல்களும்தான். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, வளையலைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள்.

வாடகை என்பது வீட்டுக்காரர் வாயால் சொல்லுகிற தொகை. குடித்தனச் செலவு என்பது அந்த வீடு நம் கையிலிருந்து மாதா மாதம் பிடுங்குகிற தொகை. இரண்டும் ஒன்றல்ல. புருஷர்கள் முதல் தொகையைப் பார்த்து முடிவு செய்து விடுகிறார்கள். இரண்டாவது தொகை முதல் தேதி கழிந்து பத்துப் பதினைந்து நாளில் நம் தலையில் வந்து விடிகிறது!

அந்த 12,000 ரூபாய் வீட்டையே எடுத்துக் கொள்வோம். ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோ மீட்டர் உள்ளே என்று வைத்துக் கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவுக்கு இருபது இருபதாக மாதம் 1,000 ரூபாய். இரண்டு குழந்தைகளுக்கும் பள்ளி வேன் 3,000. குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்றால் குடிப்பதற்குக் கேன், கோடையில் லாரித் தண்ணீருக்கு நம் பங்கு, இரண்டும் சேர்ந்து 1,600. அடுக்கு மாடி வீடாக இருந்தால் மெயின்டெனன்ஸ் என்று 1,500. கூட்டினால் 7,100 ஆகிறது. எழும்பூர்ப் பக்கத்து வீட்டில் குழந்தைகள் நடந்தே பள்ளிக்குப் போய், மற்றச் செலவுகளும் இல்லையென்றால், 8,000 ரூபாய் வித்தியாசத்தில் மிஞ்சுவது 900. அந்த 900 ரூபாய்க்காக வீட்டுக்காரர் தினம் மூன்று மணி நேரம் வழியிலேயே கழிக்க வேண்டும். குழந்தைகள் தூங்கிய பிறகு வீடு வந்து சேரும் தகப்பனாருக்கு இது கட்டுப்படியாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தத் தொகைகளெல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்; வீட்டுக்கு வீடு மாறும்.

அதற்காக 20,000 ரூபாய் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. 15,000 தான் முடியுமென்றால் 15,000 தான். சென்னையில் கட்டுச் செட்டாகக் குடித்தனம் செய்கிறவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி ஒன்று உண்டு. ஊர் எவ்வளவு தூரம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. வாசற்படியிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்றுதான் பார்க்கிறார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் வருஷமே மின்சார ரயில் விட்டு விட்டார்கள். இன்று அது செங்கல்பட்டு வரை போகிறது. பட்டணத்தில் மலிவான வாகனம் இதுதான். சீஸன் டிக்கெட் எடுத்து விட்டால் மாதச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடையில் பழைய வீடாக ஒன்று தேடச் சொல்லுங்கள். மேற்கே வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று இன்னொரு பாதை இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூர் மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையந்தான். பளிங்குத் தரையும் பால்கனியும் உள்ள வீடு ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோ மீட்டரில் இருப்பதை விட, சிவப்புத் தரை போட்ட பழைய வீடு பக்கத்தில் இருப்பது மேல்.

நமக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நீங்களும் ஏதாவது வேலைக்குப் போகிற உத்தேசம் இருந்தால், வீட்டுப் பக்கம் அந்தப் பஸ் வருகிறதா, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் வருகிறது என்று நிறுத்தத்தில் அரை மணி நின்று பாருங்கள்.

இனி, அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் வெகு நாளாக இருந்து வந்தது. இப்போது சில இடங்களில் ஐந்து ஆறு என்று இறங்கியிருக்கிறது. இந்தப் பணம் திரும்பி வரும் பணந்தானே என்று நினைக்கிறோம். ஆனால் 15,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம். அதற்காக நகையை நூற்றுக்குப் பத்து வட்டியில் வைத்தால் வருஷத்துக்கு 15,000, மாதத்துக்கு 1,250 ரூபாய் வட்டி. அதாவது உங்கள் வாடகை 15,000 அல்ல, 16,250! ஆகவே 500 ரூபாய் வாடகையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவதைக் காட்டிலும், அட்வான்ஸில் ஐந்து மாதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதுதான் லாபம். வளையலும் கையில் இருக்கும்.

பேசுவதற்குச் சட்டமும் கொஞ்சம் துணை வருகிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாய்ப் பேச்சு போதாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக் கொண்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. 'ஒப்புக் கொண்டாலொழிய' என்ற இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்புக் கொண்டதாகி விடும். கையெழுத்துப் போடும் முன்பே பேசி விட வேண்டும். அப்புறம் பேசிப் பிரயோசனமில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: "எங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் உண்டா?" இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம், அதற்கு மேல் உபயோகம் ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த விலைக்குப் போய் விடும். சில வீட்டுக்காரர்கள் உட்புறம் ஒரு சின்ன மீட்டரை வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தாங்களே விலை கட்டி வாங்குகிறார்கள். இலவச யூனிட் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும், கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். இதைப் புருஷர்களை நம்பி விடவே கூடாது. அவர்கள் குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணீர் வருகிறதே!" என்று சந்தோஷமாகத் திரும்பி விடுவார்கள். வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா? மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்? போடுகிறவர் ஊருக்குப் போனால் யார் போடுவது? பாத்ரூமில் பழைய வாளி கிடந்தால் உட்புறம் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து உறவுக்காரர் வீட்டில் துவரம் பருப்பை வேக வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பிடி பருப்பு.

2019-இல் ஏரிகள் வற்றிப் போய், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதே ஊர் 2015 டிசம்பரில் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. 2023 டிசம்பர்ப் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. வற்றவும் தெரியும், மூழ்கவும் தெரியும் இந்த ஊருக்கு! கீழ் வீடு மலிவாகக் கிடைக்கிறதென்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், "எங்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்பார். தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரிடமோ, மளிகைக் கடைக்காரரிடமோ, "2015-இல் இங்கே எது வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். தம் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

மாமியாருக்கு முழங்கால் வலி என்று எழுதியிருப்பதால் கீழ் வீட்டைத்தான் உங்கள் மனம் நாடும். அப்படியானால் இந்த விசாரணை உங்களுக்கு இரட்டிப்பு அவசியம். லிப்ட் உள்ள மூன்றாம் மாடியும் யோசிக்கத் தக்கதே. ஆனால் மின்சாரம் போனால் லிப்ட் ஓடுமா என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

வீடு தேடும்போது சில வாசல்களில் மனம் புண்படும். என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஜாதி, எந்த மதம் என்று கேட்பவர்கள் பட்டணத்தில் இன்னும் இருக்கிறார்கள். கணவனை இழந்து, ஒரு குழந்தையோடு, கை நிறையச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு, "குடும்பஸ்தர்களுக்குத்தான் கொடுப்போம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். தாயும் பிள்ளையும் குடும்பம் இல்லாமல் வேறு என்னவாம்? வீடு வைத்திருக்கும் சகோதரிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது பல இடங்களில் வழக்கம். முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள். போனில் படம் காட்டி, "இன்றைக்கே டோக்கன் அனுப்பாவிட்டால் வேறொருவர் எடுத்து விடுவார்" என்று அவசரப்படுத்தினால் ஒரு ரூபாய் கூட அனுப்ப வேண்டாம். கண்ணால் பார்க்காத வீட்டுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

கணவர் முன்னால் போய் ஏதாவது மேன்ஷனில் தங்கிக் கொண்டு வீடு பிடிப்பதும், நாம் பின்னால் சாமான்களோடு போய் இறங்குவதும் பழைய சம்பிரதாயம். தயவு செய்து இதை மாற்றுங்கள். இரண்டு நாள் நீங்களும் போய் வாருங்கள். போகும் செலவு, பிடிக்காத வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் மாறும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. காலை ஆறு மணிக்கு ஒரு தடவையும் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவையும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்காக மே மாதத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வீடு தேடுவதால் வாடகை இறங்காது. குழந்தைகள் இல்லாதவர்களும், இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தைகள் உள்ளவர்களும் ஆடி மாதத்தில் தேடலாம். ஆடியில் குடி போக மாட்டோம் என்று பலர் ஒதுங்கி விடுவதால் காலி வீடு காலியாகவே கிடக்கும். வீட்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். அப்போது பேசி முடித்து விட்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் கொள்ளுங்கள்.

குடி போகும் அன்று சாமான் இறங்குவதற்கு முன்னால் சுவர், தரை, கதவு, குழாய் எல்லாவற்றையும் போனில் தேதியோடு படம் பிடித்து, வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பி விடுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதுண்டு. அது எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸுக்கு ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். அதை அரிசிப் பானையில் போட்டு வைக்காமல், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.