முழங்கால் வலிக்குச் செல்போன் போதுமா?

நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்ட பெண்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பேறுகிறார்கள். ஸ்பின்னிங் பிரேம் முன்னால் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் உழைத்தவர்கள், வீட்டுப் படியேறத் திணறுகிறார்கள். “வயசாகிவிட்டது” என்கிறார்கள். வயது மட்டும்தானா காரணம்? மண்டியிட்டும் குந்தியும் செய்யும் வேலை, பாரம் தூக்கும் வேலை ஆகியவை மூட்டைத் தேய்க்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானம் 2009-இல் தொழில் நோயாகவே அங்கீகரிக்கப்பட்டது.

இந்நோய்க்கு முதல் மருந்து மாத்திரையல்ல, தேகப்பயிற்சி. வலிக்கிறதென்று காலை அசைக்காமலே இருந்தால் தொடைத் தசை மெலியும். மூட்டுக்குத் தாங்கல் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. காசு செலவில்லை. ஆனால் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அங்கேதான் தவறிவிடுகிறோம்.

செல்போன் செயலி உதவுவது இங்கேதான். பயிற்சியைப் படமாகக் காட்டுகிறது; வேளை வந்தால் நினைவூட்டுகிறது; வலியின் அளவைக் குறித்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஒரு செயலியைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, செயலியைக் கொண்டு பயிற்சி செய்தவர்களுக்கு ஆறு வாரத்தில் வலி அதிகம் குறைந்தது என 2021-இல் முடிவு வெளியாயிற்று. விஞ்ஞானத்தின் இந்த உதவியை வரவேற்கிறோம்.

ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கு ஆங்கிலச் செயலியால் என்ன பயன்? மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், தொட்டுப் பார்க்க டாக்டர் வேண்டாமா? தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வர ஏற்பாடாயிற்று. அதுவே சரியான வழி. செல்போன் அவருக்குத் துணையாகட்டும். அவர் வேலையைப் பறிக்கும் சாக்காக வேண்டாம்.

ஆகவே நாம் கோருவது இது: செயலி தமிழில், பேசும் குரலில், இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும். மில்லில் உட்கார இருக்கையும் இடைவேளையும் வேண்டும். ஓவர்டைமில் ஓய்ந்த காலுக்குப் பயிற்சி செய்யத் தெம்பு ஏது?

தோழர்களே! இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள். சங்கக் கூட்டத்தில் இக்கோரிக்கையையும் எழுப்புங்கள். நம் கால் நமக்கு வேண்டும். உழைக்க மட்டுமல்ல, நிமிர்ந்து நடக்கவும்!