காத்திருக்கும் குரல்



அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அதன் விமான நிலையத்தை அடுத்துள்ள பகுதி லம்பா லைன். பிழைப்பை நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் நகரம் அது. சென்னைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். பெற்றோரை ஊரில் விட்டு நகரங்களில் வாழும் நமக்குள்ள ஏக்கமே அங்குள்ளோருக்கும் உண்டு; தூரந்தான் அதிகம்.

கடிதம் ஒன்றே துணையாயிருந்த நாட்களில் எழுத்தறியாத தாய்மாருக்கு இரட்டைத் துன்பம் இருந்தது. எழுதவும் ஒருவர் வேண்டும். வந்த கடிதத்தை வாசிக்கவும் ஒருவர் வேண்டும். மகனிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அயலார் செவியில் சொல்லி எழுதுவிக்க நேர்ந்தது. தொலைபேசி வந்த பின்னும் குறை முற்றிலும் தீரவில்லை. தீவுகள் பல்லாண்டுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அதற்குக் குரல் ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். பதில் திரும்ப மற்றொரு கால் நொடி. ஆகவே ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு மோதும்.

2013 ஆகஸ்ட் மாதம் வாட்ஸ்அப் செயலியில் குரல் செய்தி அனுப்பும் வசதி வந்தது. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசிவிட்டு விரலை எடுத்தால் போதும். செயலி குரலைப் பதிந்து, சுருக்கி, சிறு கோப்பாக்குகிறது. இணையம் கிடைக்கும் வரை அது கைப்பேசியிலேயே காத்திருக்கிறது. பெறுபவரின் கைப்பேசி இணைப்பில் இல்லையெனில், நிறுவனத்தின் சேவையகத்தில் 30 நாள் வரை காத்திருக்கிறது. அழைப்புக்கோ இருவரும் ஒரே வேளையில் ஓய்வாயிருக்க வேண்டும். இணைப்பும் இடையில் அறுந்துபோகலாகாது. குரல் செய்திக்கு இவ்விரண்டும் தேவையில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் மகனும் விடியலில் எழும் தாயும் இதனால் பேசிக்கொள்கிறார்கள். 2016 முதல் செய்திகள் முழுவதும் மறையாக்கம் செய்யப்படுவதால், நிறுவனத்தாரும் இடையில் அவற்றைக் கேட்க இயலாது. அயலாரை வைத்துக் கடிதம் எழுதுவித்த தாய்க்கு இது எத்தனை பெரிய விடுதலை!

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. இணையம் விரைவானது, முகம் பார்த்துப் பேசுவதும் எளிதாயிற்று. ஆயினும் குரல் செய்தியின் இடம் குறையவில்லை. உலகெங்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடிக் குரல் செய்திகள் அனுப்பப்படுவதாக 2022இல் அந்நிறுவனம் அறிவித்தது.

யோவான் தம் இரண்டாம், மூன்றாம் நிருபங்களை முடிக்கையில், எழுத வேண்டியவை அநேகம் இருந்தும் மையினால் எழுத மனமில்லை, நேரில் பேசவே விரும்புகிறேன் என்னும் கருத்தை வைத்திருக்கிறார். எழுத்து சொல்லைக் கொண்டுவரும்; குரலோ சொன்னவரின் இருமலையும் பெருமூச்சையும் சேர்த்துக் கொண்டுவரும். "நான் நன்றாயிருக்கிறேன்" என்று தாய் எழுதுவித்தால் நம்பிவிடுவோம். அவளே சொல்லக் கேட்டால், நன்றாயிருக்கிறாளா இல்லையா என்பது நமக்கே தெரிந்துவிடும்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, குரல் செய்தியை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021இல் வந்தது. அலுவலகச் செய்திகளுக்கு அது உதவட்டும். பெற்றோரின் குரலை அப்படி ஓட்டாதீர்கள். அவர்கள் தயங்கி நிறுத்தும் இடத்தில்தான் பலமுறை செய்தியே இருக்கிறது. நீங்கள் கேட்டதும் அவர்கள் கைப்பேசியில் ஒலிவாங்கிப் படம் நீல நிறமாகும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த நிறம் தெரியும். அது நீலமாகிப் பல நாளாகியும் பதில் வராவிட்டால், அதன் பொருளும் தெரியும்.

இரண்டாவது, இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒருவர் குரலைச் சிறிது நேரம் கேட்டே அதைப்போலப் பேசவல்லவை. அவசரமாய்ப் பணம் கேட்டுக் குரல் செய்தி வந்தால், நீங்கள் முன்பே அறிந்த எண்ணுக்கு அழைத்து, பேசி உறுதி செய்த பின்னரே அனுப்புங்கள். ஊரிலுள்ள முதியோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, பெற்றுக்கொண்ட குரல் பிறகு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால், காப்புப் பிரதி எடுத்திராவிட்டால், குரலும் தொலையும். இந்த வாரமே காப்புப் பிரதி எடுங்கள். அருமையான சில செய்திகளைத் தனியே சேமித்து உடன்பிறந்தோருக்கும் அனுப்பி வையுங்கள். தாத்தா பாட்டியைக் காணாத பிள்ளைகள் ஒருநாள் அவற்றைக் கேட்பார்கள்.

குரல் செய்தி 30 நாள் காத்திருக்கும். வயது சென்ற பெற்றோருக்கு நாட்களைக் குறித்து அப்படி ஓர் உறுதி இல்லை. இதை வாசித்து முடித்ததும், நீங்கள் இன்னும் கேளாத செய்தி ஏதும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முழுதும் கேளுங்கள். பின்பு, அம்மா என்று அழைத்து, உங்கள் சொந்தக் குரலிலேயே பதில் சொல்லுங்கள்.