பழைய கடனைக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் காகிதத்தைக் கேளுங்கள்

அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும் நேரம் பார்த்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். கையில் ஒரு தாள். அதில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கடன் கணக்கு எண் இருக்கிறது. "அசலும் வட்டியுமாக இவ்வளவு ஆகிவிட்டது. இன்றைக்குக் கொஞ்சமாவது கட்டுங்கள். இல்லையென்றால் நிலம் ஏலத்துக்குப் போகும்" என்று அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொல்கிறார்கள். மானத்துக்கு அஞ்சிய குடும்பம் மாட்டை விற்கிறது, அல்லது கந்துவட்டிக்காரரிடம் ஓடுகிறது. சட்டப்படி கேட்கவே முடியாத ஒரு பழைய பாக்கிக்காக, உடனே கழுத்தைப் பிடிக்கும் புதுக் கடன் ஒன்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதுதான் எனக்குக் கவலை தருகிறது.

வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாங்கியில் இருப்பதும் கூட்டுறவு சங்கத்தில் இருப்பதும் இன்னொரு குடியானவர் போட்டு வைத்த பணம்தான். சக்தி உள்ளவர் கடனைத் தீர்ப்பதே முறை. ஆனால் எவ்வளவு பாக்கி, யாருக்குப் பாக்கி, எந்தக் கணக்குப்படி என்று தெரியாமல் வரப்பின்மேல் நின்று ஐந்நூறும் ஆயிரமும் எடுத்துக் கொடுப்பது கடன் தீர்ப்பதாகாது.

பாங்கிகள் வெகுநாள் வராத கடனைத் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிவிடுவதுண்டு. அதைக் கேள்விப்பட்டு "என் கடன் தள்ளுபடியாகிவிட்டது" என்று நம்பியிருக்கும் விவசாயிகள் பலர். ஏட்டில் நீக்குவது பாங்கியின் கணக்கு வசதிக்காக. கடன் அப்படியேதான் இருக்கும். இத்தகைய கணக்குகளைக் கட்டுக் கட்டாகச் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிகளுக்கு விற்பதும், கமிஷனுக்கு வசூல் செய்யும் ஏஜென்சிகளிடம் ஒப்படைப்பதும் உண்டு. அதனால்தான் நீங்கள் கேட்டறியாத ஒரு கம்பெனியின் பெயரில் ஆள் வருகிறார்.

இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே அரசாங்கம் தள்ளுபடி செய்த கடனைக் கேட்டு வருவதும் நடக்கிறது. 2008-இல் மத்திய அரசின் திட்டத்தில், ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களின் தவணை தவறிய பயிர்க் கடன் முழுவதும் தள்ளுபடியாயிற்று. தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன்கள் 2006-லும், சிறு குறு விவசாயிகளுக்கு 2016-லும், பயிர்க் கடன்கள் மறுபடி 2021-லும் தள்ளுபடியாயின. உங்கள் கடன் இவற்றில் ஒன்றில் அடங்கியதா என்பதை முதலில் பாருங்கள். தள்ளுபடிச் சான்று கைவசம் இல்லாவிட்டால் கிளையிலோ சங்கத்திலோ எழுதிக் கேட்டு வாங்கலாம்.

ஆகவே வருகிறவரிடம் சண்டை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "ஐயா, பாங்கி உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி வசூல் ஏஜெண்டு இவற்றை வைத்திருக்க வேண்டும். கணக்கு வேறு கம்பெனிக்கு மாறியிருந்தால், மாறியதற்கான கடிதம் கேளுங்கள். கடன் வாங்கிய தேதி, அசல், நீங்கள் கட்டிய தொகைகள், வட்டி கணக்கிட்ட விதம் ஆகியவை கொண்ட முழுக் கணக்கு நகலைக் கிளை மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு வரும்வரை பணமும் தரவேண்டாம், கையெழுத்தும் போடவேண்டாம்.

கையெழுத்துதான் விஷயம்

1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி, அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷமே கெடு. புரோநோட்டு என்றால் எழுதிய தேதியிலிருந்தும், தவணை குறித்த கடன் என்றால் தவணை தேதியிலிருந்தும் எண்ண வேண்டும். இந்த மூன்று வருஷத்துக்குள் "கடன் பாக்கி உண்டு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதற்குக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகு வெறும் ஒப்புதலுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆனால் "இந்தப் பழைய பாக்கியைக் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி அது புது ஒப்பந்தமாகிவிடும். செத்துப்போன கடனுக்கு உயிர் கொடுப்பது இந்தத் தாள்தான். "சும்மா ஒரு கைநாட்டு வையுங்கள், ஆபீசில் காட்ட வேண்டும்" என்று கேட்பதன் பொருளும் இதுவே.

நிலத்தை அடமானம் வைத்த கடனுக்குக் கெடு பன்னிரண்டு வருஷம். கோர்ட்டில் டிக்ரி ஆகியிருந்தால் அதை நிறைவேற்றவும் பன்னிரண்டு வருஷம். கொரோனாவை முன்னிட்டு 15-3-2020 முதல் 28-2-2022 வரையுள்ள காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மறக்கக் கூடாது. கூட்டுறவு சங்கக் கடனுக்கு 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி வசூல் முறையே வேறு. மூன்று வருஷம் ஆயிற்று என்று அங்கே நிம்மதியாக இருந்துவிட முடியாது. கெடு கடந்ததால் கடன் அழிந்துவிட்டது என்றும் பொருளல்ல. வழக்குப் போடும் வழி அடைபட்டது, அவ்வளவே. அடகு நகை அவர்களிடமே இருக்கும், அடுத்த கடன் கேட்கும்போது பழைய பாக்கி குறுக்கே நிற்கும்.

வட்டிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் 2011-இல் ரூ. 40,000 குறுகிய காலப் பயிர்க் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று ரூ. 1,80,000 கேட்கிறார்கள். சிறு குறு விவசாயிகளின் குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி அசலை மீறக் கூடாது என்பது பாங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. அதன்படி வட்டி ரூ. 40,000-க்கு மேல் போகாது. எல்லாம் சேர்ந்து ரூ. 80,000-ஐத் தாண்டாது. இந்த நியாயம் நமக்குப் புதியதன்று. ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1938-இல் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலுக்கு இரட்டிப்பாகக் கட்டியவரின் பழைய கடன் தீர்ந்ததாகவே சொல்லிற்று. இதைத் தெரிந்து கொண்டு மேனேஜர் முன் உட்காரும் விவசாயிக்கும், தெரியாமல் உட்காருபவருக்கும் ஒரே தீர்வுத் தொகை கிடைக்காது.

இனி மிரட்டலுக்கு வருவோம். "நிலத்தை ஜப்தி செய்வோம்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைப் பாங்கிகளுக்கு 2002-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டமே விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று அதன் 31-ஆவது பிரிவு சொல்கிறது. சாதாரண பணக் கடனுக்குக் கோர்ட்டில் டிக்ரி ஆனாலும், விவசாயி குடியிருக்கும் வீடு, பிழைப்புக்கு வேண்டிய உழவு மாடு, கருவிகள், விதைநெல், சமையல் பாத்திரம் ஆகியவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. வீட்டையே அடமானம் வைத்திருந்தால் இந்தக் காப்பு கிடைக்காது. கடனுக்கே ஈடாக எழுதிய டிராக்டரும் அப்படித்தான். ஆனால் டிராக்டரைக்கூட ஆள் பலத்தால் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்கின்றன. 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த காட்சியை நாடே பார்த்துக் கொதித்தது.

கடன் பாக்கி குற்றமல்ல. அதை வசூலிப்பது போலீஸ் வேலையும் அல்ல. டிக்ரி பெற்று, கையில் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று கோர்ட்டில் காட்டிய பிறகே சிவில் சிறை பற்றிய பேச்சு வரும். பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைச் சிறை வைக்கவே முடியாது. செக் மட்டும் விலக்கு. அது திரும்பினால் கிரிமினல் வழக்கு வரும். எனவே தொகை எழுதாத செக்கை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காக அழைக்கக் கூடாது. மானக்கேடு செய்யக் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடி வலியுறுத்திற்று. பெண்கள் குழுக்களில் வாங்கும் நுண்கடனுக்கு இந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் தேதி, நேரம், பேசிய வார்த்தை, பார்த்த சாட்சி இவற்றை ஒரு நோட்டில் குறித்துப் பாங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. அடிதடி என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே போலீசில் புகார் செய்யுங்கள்.

மிரட்டலுக்கு அஞ்சாதவர்கள் சிலர் கோர்ட் சம்மனையும் அதே துணிச்சலில் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். இது பெரும் தவறு. நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். கெடு கடந்தது என்ற உங்கள் வாதமும் வெளியே நின்றுவிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு. லோக் அதாலத்தில் தொகை குறையலாம். ஆனால் அங்கே போடும் கையெழுத்து டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. கட்ட முடியாத தவணைக்கு அங்கே தலையாட்டாதீர்கள்.

தகப்பனார் கடனைக் கேட்டு மகனிடம் வந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பு. மகனின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. ஜாமீன் போட்டவர் நிலை அப்படியல்ல. கடன்காரருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு.

பேசி ஒரே தவணையில் தீர்ப்பது என்று முடிவானால், "இத்தொகை கட்டினால் கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று பாங்கியின் முத்திரையுடன் கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள். ஏஜெண்டு கையில் தராமல், கிளையில் நேராகக் கட்டி ரசீது பெறுங்கள். கடன் இல்லாச் சான்றும், கொடுத்திருந்த பத்திரங்களும் வாங்கிய பின், அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் ஆபீசில் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.