மனை வாங்கினால் 9% கட்டணும்... அங்கே சேரும் குப்பைக்கு யார் கட்டுவது? செங்கல்பட்டு - மாமல்லபுரம் கடற்கரையின் வரிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை போனால் ரெண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, 'மனைகள் விற்பனைக்கு' பலகை. இன்னொன்று, சாலையோரம் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டில், இளநீர்க் கூடு. மனை வாங்குபவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் லட்சக்கணக்கில் கட்டுகிறார். குப்பை கொட்டுபவர் என்ன கட்டுகிறார்? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு முக்கியமான தொடர்பு இருக்கிறது.

மனை பதிவுக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஒரு மனையை கிரயம் செய்தால் மொத்தம் 9% கட்ட வேண்டும். இதில் 5% முத்திரைத் தீர்வை, 2% உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை, 2% பதிவுக் கட்டணம்.

உதாரணமாக, திருப்போரூர் பக்கம் 20 லட்சம் ரூபாய்க்கு மனை வாங்கினால், முத்திரைத் தீர்வை 1 லட்சம், கூடுதல் தீர்வை 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் 40 ஆயிரம். ஆக மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம்.

பத்திரத்தில் எழுதும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு.

புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் தனிக் கணக்கு. 50 லட்சம் வரை 6%, 50 லட்சத்தில் இருந்து 3 கோடி வரை 7%, அதற்கு மேல் 9%. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். இது 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

சதவீதம் குறைந்தது... தொகை குறைந்ததா?

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33% குறைக்கப்பட்டது. அதோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்தில் இருந்து 4 ஆக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் இது தலைகீழானது. மதிப்பு பழைய நிலைக்குப் போனது, கட்டணம் 2% ஆனது.

வழிகாட்டி மதிப்பிலேயே பதிவாகும் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 2017-க்கு முன் அதன் மதிப்பு 10 லட்சம் என்றால் 8% கணக்கில் 80 ஆயிரம் கட்டணும். 2017-க்குப் பிறகு மதிப்பு 6.7 லட்சம், 11% கணக்கில் 73,700. 2023-ல் மறுபடி 10 லட்சம், 9% கணக்கில் 90 ஆயிரம். அதாவது சதவீதம் குறைந்தும் கையை விட்டுப் போகும் பணம் கூடியது. ஆனால் உண்மை விலையையே பத்திரத்தில் எழுதுபவருக்கு 11%, 9% ஆனது லாபம்தான்.

முறைப்படி மக்களிடம் கருத்து கேட்காமல் மதிப்பை உயர்த்தியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்பு அமலுக்கு வந்தது.

அந்த 2% எதற்கு?

5 சதவீதமும் பதிவுக் கட்டணமும் மாநில அரசின் வருமானம். 2% கூடுதல் தீர்வை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கானது. ஆனால் இது குப்பைக்கென்று ஒதுக்கிய பணம் அல்ல. தெருவிளக்கு, குடிநீர், சாலை எல்லாவற்றுக்கும் நடுவில் குப்பையும் ஒரு செலவு.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மனை கைமாறும்போது ஒரு தடவைதான் இந்தப் பணம் வரும். குப்பை தினமும் வரும். ரியல் எஸ்டேட் சூடாக இருக்கும் வருஷம் பணம் வரும், விற்பனை படுத்தால் பணமும் படுக்கும். குப்பை வண்டிக்கு டீசல், தூய்மைப் பணியாளருக்கு சம்பளம் மாதாமாதம் கொடுத்தே ஆகணும். வார இறுதியில் மட்டும் வந்து போகிறவர்களின் குப்பையையும் அந்த ஊராட்சிதான் அள்ளணும்.

குப்பைக்கு வரி போடும் நாடு உண்டா?

உண்டு. பிரிட்டனில் 1996-ல் குப்பைக் கிடங்கு வரி வந்தது. ஒரு டன் குப்பையைப் புதைக்க அப்போது 7 பவுண்டு. 2023-ல் அது 100 பவுண்டைத் தாண்டியது. புதைப்பதை விட தரம் பிரித்து மறுசுழற்சி செய்வது மலிவாக வேண்டும், அதுதான் நோக்கம்.

அங்குள்ள வேல்ஸ் பகுதி 2018 ஏப்ரலில் இருந்து நிலம் வாங்கும் வரி, குப்பைக் கிடங்கு வரி இரண்டையும் தானே வசூலிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வரி அலுவலகம். அனுமதி இல்லாத இடத்தில் கொட்டினால் வரி இன்னும் அதிகம். ஏன்? கிடங்கில் காசு கேட்டால் சிலர் ராத்திரியில் காட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். சவுக்குத் தோப்பும் ஏரிக்கரையும் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இந்த எச்சரிக்கை ரொம்பவே பொருந்தும்.

இங்கே என்ன மாறுகிறது?

மத்திய அரசின் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. குப்பையை ஈரம், உலர், சானிட்டரி, சிறப்புக் கவனம் தேவைப்படுபவை என நான்காகப் பிரிக்கணும். பிரிக்காமல் கிடங்குக்கு அனுப்பும் உள்ளாட்சிக்கு அதிகக் கட்டணம். இது வேல்ஸ் மாதிரி வரி இல்லை என்றாலும் யோசனை ஒன்றுதான். தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் இடங்கள் தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு. ஈசிஆர் ரிசார்ட், கல்யாண மண்டபம், பெரிய குடியிருப்புகள் இதில் வரலாம்.

ஆனால் கட்டணத்தை முதலில் கட்டப்போவது உள்ளாட்சி. குப்பை போடுகிறவரிடம் அது வசூலிக்க முடியாவிட்டால், தெருவிளக்குக்கு வைத்த பணம்தான் கிடங்குக்குப் போகும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

பதில் பெருங்குடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது சென்னையின் எல்லைக்கு வெளியே. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டப்பட்டது. நகரம் அதைச் சுற்றி வளர்ந்தது. கடைசியில் சுமார் 225 ஏக்கர் கிடங்கை பயோமைனிங் முறையில் மீட்க சுமார் 350 கோடி ரூபாய் திட்டம் போட வேண்டியதாயிற்று. இன்று ஓஎம்ஆர், ஈசிஆர் வழியே நகரம் தெற்கே திருப்போரூர், மாமல்லபுரம் நோக்கி நகர்கிறது.

மனை வாங்குபவர் என்ன பார்க்கணும்?

வழிகாட்டி மதிப்பு, வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம் பார்ப்பது எல்லோரும் செய்வது. கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: இந்த ஊரில் குப்பை எங்கே போகிறது? கிடங்கு மனையில் இருந்து எவ்வளவு தூரம்? பத்திரப் பதிவில் கட்டும் ஒவ்வொரு 9 ரூபாயிலும் 2 ரூபாய் உள்ளாட்சிகளுக்கானது. அது எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்க அந்த ஊர் வாக்காளர் எல்லோருக்கும் உரிமை உண்டு.