ஆபரேஷன் இலவசம், டயப்பர் யார் செலவு?



புராஸ்டேட் புற்றுநோய்க்காக எனக்கு நடந்த ஆபரேஷனை முதல்வர் காப்பீட்டு அட்டையிலேயே முடித்துக் கொடுத்தார்கள். ஒரு பைசா கட்டவில்லை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால், சிறுநீர் டியூபை எடுத்த அன்றே அடுத்த செலவு ஆரம்பித்தது. சுரப்பியை எடுக்கும்போது சிறுநீரை அடக்கும் தசையும் நரம்பும் அடிபடுமாம். இருமினால் கசிவு, நாற்காலியைவிட்டு எழுந்தால் கசிவு. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நின்றுவிடும் என்றார் டாக்டர். எனக்கு நிற்கவில்லை.

பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று எங்கள் மருந்துக்கடையில் 45 ரூபாய். நாளைக்கு மூன்று என்றாலே மாதம் 4,000 ரூபாயைத் தாண்டுகிறது. மில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்குக் குறைந்தபட்ச பி.எஃப். ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாய்தான். வேறு வழியின்றி, என்னைப் போன்றவர்கள் நனைந்து கனத்துத் தொங்கும்வரை ஒன்றையே கட்டியிருக்கிறோம். தொடையிடுக்கில் புண் வருகிறது. அதற்குக் களிம்பு தனிச் செலவு. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைக்கும் நாள்களும் உண்டு. துவைக்கும் பாடு என் மனைவிக்கு.

இதில் வரி வேறு. சானிட்டரி நாப்கினுக்கு 2018-லேயே ஜிஎஸ்டியை நீக்கினார்கள், நல்ல காரியம். டயப்பருக்கோ 12 சதவீதம் வாங்கிவந்து, 2025 செப்டம்பரில்தான் 5 ஆக்கினார்கள். ஆசைப்பட்டா இதை வாங்குகிறோம்? காசு கட்டி எடுக்கும் தனியார் மருத்துவக் காப்பீட்டிலும், பணம் தராத பொருள்களின் பட்டியலில் டயப்பர் இருக்கிறது. சிறுநீரை அடக்கும் செயற்கைச் சுருக்குத்தசைக் கருவி பொருத்தலாமே என்பார்கள்; அதன் விலை லட்சங்களில்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. பிசியோதெரபி கொடுப்பவர்களும் வருகிறார்கள். அந்த மருந்துகளோடு எங்களுக்கு மாதாந்திர டயப்பரையும் சேர்க்க வேண்டும். கசிவைக் குறைக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குக் கருவியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு ஆண்கள் கழிப்பறைகளில் மூடிபோட்ட குப்பைத்தொட்டி வேண்டும். இப்போது நனைந்ததைச் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள்பையில் போட்டு வீடுவரை சுமக்கிறோம்.

என் பெயரைப் போட வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். இப்படிப் பெயரை மறைத்துக்கொள்வதால்தான் எங்கள் கோரிக்கை எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் ஏறவில்லை. டயப்பர் மீது மிச்சமிருக்கும் 5 சதவீத வரியையாவது ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
ராஜபாளையம்.