ஓவியம், டிசைன் படிக்க லட்சம் லட்சமாய் கொட்டலாமா? ஆம்பூர் பெற்றோர் தவிப்பு

ஆம்பூர்:

பிளஸ்-2 ரிசல்ட் வந்த கையோடு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தனியார் டிசைன் பள்ளிகளின் நோட்டீஸ் பறக்க தொடங்கி விடும். படிச்சு முடிச்சதும் 100 சதவீதம் வேலை என்று ஆசை காட்டுவார்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து பிள்ளையை படிக்க வைக்கும் தாய்க்கு, நன்றாக படம் வரையும் மகளை அங்கே சேர்ப்பதா, வேண்டாமா என்று ஒரே குழப்பம்.

கணக்கு போட்டால் தலை சுற்றுகிறது. தனியாரில் 4 வருஷ படிப்புக்கு பல லட்சம் பிடிக்கும். அதில் 4 லட்சத்தை மட்டும் கல்விக்கடனாக வாங்கினாலே, 10 சதவீத வட்டியில் 10 வருஷ தவணை என்றால் மாதம் சுமார் 5 ஆயிரத்து 300 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் 6 லட்சத்து 34 ஆயிரம் போயிருக்கும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேராது. மாதம் 12 ஆயிரம் சம்பளம் வரும் வீட்டில் கிட்டத்தட்ட பாதி போனால் அரிசி, பருப்புக்கு எங்கே போவது? 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை என்பதால் பலரும் யோசிக்காமல் கையெழுத்து போட்டு விடுகிறார்கள்.

சாம்பிள் ரூம் வேலை

படிப்புக்கு மதிப்பே இல்லை என்று தள்ளி விடவும் முடியாது. ஆனால் ஆம்பூரில் இருந்து கப்பல் ஏறும் ஷூக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு பிராண்டுகளின் ஆர்டர். டிசைன் அங்கிருந்தே வந்து விடும். அதை பேட்டர்னாக வெட்டி, சாம்பிள் தைத்து ஓகே வாங்குவதுதான் இங்கே வேலை. கம்பெனி தேடுவது பேட்டர்ன் போட தெரிந்த கையை. அழகாக படம் வரைந்தால் மட்டும் போதாது. அந்த தொழிலை கற்றுத்தர சென்னை கிண்டியில் மத்திய காலணி பயிற்சி நிலையம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை எப்.டி.டி.ஐ., தரமணி நிப்ட் இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள்தான் என்றாலும் அங்கேயும் கட்டணம் லட்சத்தில்தான். தொழிலும் நிலையானது அல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி கம்பெனிகள் ஆடிப்போனது தெரிந்த கதை.

எழும்பூர் கல்லூரி

ஓவியமே படிக்கணும் என்றால் சென்னை எழும்பூரில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. கட்டணம் தனியாரோடு பார்த்தால் சொற்பம். மெரினா உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சவுத்ரி எழும்பூர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நடிகர் சிவகுமார் ஓவியம் படித்ததும் இங்கேதான்.

சிக்கல் வேறு இடத்தில். சீட் குறைவு, படம் வரையும் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். தனி பயிற்சிக்கு போன பட்டணத்து பிள்ளைகளோடு ஆம்பூர் அரசு பள்ளி பிள்ளை போட்டி போட வேண்டும். 2012-ல் தமிழகம் முழுக்க ஓவியம், உடற்கல்வி, கம்ப்யூட்டர் பாடங்களுக்கு 16 ஆயிரத்து 549 பகுதிநேர ஆசிரியர்களை 5 ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் அரசு நியமித்தது. வாரத்தில் 3 அரை நாள், அதுவும் 6 முதல் 8-ம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் பென்சில் பிடிக்க சொல்லித்தர ஆள் ஏது?

தனியாரில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்தவர்கள், அங்கே தருவது பல்கலைக்கழக பட்டமா, வெறும் சர்டிபிகேட்டா என்று முதலில் கேட்க வேண்டும். போன வருஷம் படித்து முடித்தவர்கள் எந்த கம்பெனியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று 2 பேரையாவது நேரில் பார்த்து விசாரிப்பது நல்லது. அட்வான்ஸ் பணம் அப்புறம்.